மின்வெட்டில் வளர்ந்த கிழவர்

மிர்தாவின் பொறுப்பில் இரண்டு முதியவர்கள் இருந்தார்கள். ஒருத்தி வீட்டில், இன்னொருவர் கணினியில். வீட்டில் இருந்தவள் தெஞ்சா, மிர்தாவின் மாமியார். கறாராகச் சொன்னால் முன்னாள் மாமியார். கணினியில் இருந்தவர் நிக்கனோர். அவருக்குக் கை கால் கிடையாது, முழங்கால் வலி கிடையாது, வாயும் கிடையாது. அந்தக் கடைசி வசதியை நினைத்து மிர்தா பல நாள் பெருமூச்சு விட்டிருக்கிறாள்.

மணவிலக்கு வாங்கியவள் எதற்கு மாமியார் வீட்டில் கிடக்கிறாள் என்று ஹவானாவில் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே கல்யாணத்தை முறிக்க ஒரு காலைப்பொழுது போதும். வேறு வீடு கிடைக்க ஓர் ஆயுள் வேண்டும். சாகுவா என்ற சின்ன ஊரில், சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடுகிறவருக்கு மகளாகப் பிறந்து, கணக்கில் புலி என்று பெயரெடுத்து, தலைநகரத்துக்குப் படிக்க வந்தவள் மிர்தா. குளிர்பெட்டி ரிப்பேர் செய்யும் எவெலியோவை ஒரு நடன விருந்தில் பார்த்தாள். பார்த்த வேகத்தில் கட்டிக்கொண்டு அவன் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நாலாம் மாடியில் ஒரே ஒரு பெரிய அறை, ஒரு சமையல் மூலை, தெருவைப் பார்த்த பால்கனி. சில வருடத்தில் கல்யாணம் கசந்து கையெழுத்துப் போட்டுப் பிரிந்தபோது, அவர்கள் செய்ததெல்லாம் அறையின் நடுவே துணி அலமாரியை இழுத்துப் போட்டதுதான். இந்தப் பக்கம் மிர்தா, அந்தப் பக்கம் எவெலியோவும் அவன் அம்மாவும். பிறகு தொண்ணூற்று நாலாம் வருடக் கோடையில், ஊரே மிதவை கட்டிக் கடலில் இறங்கிய சமயத்தில், எவெலியோவும் இறங்கினான். கரை சேர்ந்து, கடலுக்கு அந்தப் பக்கம் தாம்பா நகரில் ஏசி ரிப்பேர் வேலையில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்த அன்று, இரண்டு பெண்களுமாக அலமாரியை மறுபடி சுவரோரம் தள்ளினார்கள்.

"பெத்தது போயிடுச்சு, வந்தது ஒட்டிக்கிச்சு," என்றாள் தெஞ்சா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"யாரு ஒட்டிக்கிட்டா? வேற வீடு கெடைச்சா நாளைக்கே கெளம்பிடுவேன், அத்தை."

"கெளம்பேன், யாரு கையைப் பிடிச்சா? போறப்ப அந்தக் குக்கரை மட்டும் வெச்சிட்டுப் போ."

பத்து வருடத்துக்கு மேல் இதே சண்டையைப் போட்டார்கள். மிர்தா கிளம்பவும் இல்லை, குக்கரும் நகரவில்லை. இருவருக்கும் வேறு நாதி இல்லை என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதே கிடையாது.

தெஞ்சா அந்தக் காலத்தில் நகரப் பேருந்தில் கண்டக்டர். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி வளர்ந்த குரல், எண்பது தாண்டியும் இறங்கவில்லை. முழங்கால்கள்தான் இறங்க மறுத்தன. கட்டடத்து லிஃப்ட் எப்போதோ செத்துவிட்டது. அதனால் தெஞ்சாவின் ஊர்வம்பு, வரவு செலவு எல்லாம் பால்கனி வழியாகத்தான். கயிற்றில் ஒரு கூடையைக் கட்டிக் கீழே விடுவாள். ரொட்டிக்காரன் அதில் ரொட்டி வைப்பான். ரொட்டி மேலே வருவதற்குள் தெருவின் பாதி வரலாற்றை அவனிடம் கறந்துவிடுவாள்.

மிர்தாவின் வேலை அதைவிடச் சிக்கலானது. நகர ஓரத்தில் தடுப்பூசிகளை ஆராயும் ஒரு சின்ன நிலையம். பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி எப்படிக் கிழடாகிறது என்பதைக் கணினியில் போட்டுப் பார்ப்பது அவள் பிரிவின் பொறுப்பு. நிஜ மனிதரை வைத்துப் பார்க்க வேண்டுமானால், குழந்தை பிறந்ததிலிருந்து கிழவராகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் பார்க்கிறவர் போய்ச் சேர்ந்துவிடுவார். எனவே கணினிக்குள் ஓர் உடம்பு. அதில் வெள்ளை அணுக்கள், அவற்றைப் பழக்கி அனுப்பும் தைமஸ் என்ற சின்னச் சுரப்பி, வருகிற போகிற கிருமிகள் எல்லாமே எண்கள். ஒவ்வொரு நாளும் கணினி தாயம் உருட்டுவதுபோல் ஓர் எண்ணைப் போடும். இன்று ஜலதோஷம், நாளை ஒன்றுமில்லை, மறுநாள் நெஞ்சுச்சளி என்று அந்த எண் முடிவு செய்யும். அந்த உடம்பு பிறந்து, வளர்ந்து, தளர்ந்து, தொண்ணூறைத் தொட நிலையத்தின் பழைய கணினிகளில் வாரக்கணக்கில் ஆகும். பிறகு வேறோர் உடம்பு, மறுபடி முதலிலிருந்து.

எழுபது தாண்டிய எல்லா உடம்புக்கும் நிக்கனோர் என்று பெயர் வைத்தவர் ஃபெர்மின். மிர்தாவோடு ஒரே அறையில் உட்கார்ந்து கணினிகளுக்கு மருத்துவம் பார்க்கும் சக ஊழியர். அவர் ஊரில் மூன்று தரம் சவப்பெட்டி தயார் செய்தும் சாக மறுத்த ஒரு கிழவர் இருந்தாராம், அவருடைய பெயர். எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாமல் எதுவும் பிழைக்காது. புயலுக்கும் வைப்போம், பேருந்துக்கும் வைப்போம்.

வீட்டுக்கு வந்தால் தெஞ்சாவின் முதல் கேள்வி நிக்கனோரைப் பற்றித்தான்.

"எப்படி இருக்காரு உன் ஆளு?"

"ஜலதோஷம்."

"கோழி சூப்பு வெச்சுக் குடுத்தியா?"

"நமக்கே கோழி இல்லை, அவருக்கு எங்க போறது?"

"பாவம். அப்ப என்னை மாதிரிதான் அவரும்." தெஞ்சா, ரேஷனில் வரும் பட்டாணி கலந்த காப்பியை ஒரு மடக்கு குடித்துவிட்டு விடாமல் கேட்பாள். "அது சரி, வயசானா ஏன் ஒடம்பு இப்படி ஒண்ணுக்கும் உதவாமப் போகுது? படிச்சவதானே, சொல்லு."

மிர்தா பேருந்துக் கணக்கில் சொல்லிப் பார்த்தாள். உடம்பு ஒரு பேருந்து. சின்ன வயதில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் புதுப்புது ஆள் ஏறுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கிருமியின் முகம் தெரியும். வயதாக ஆகப் புது ஆளை அனுப்புகிற சுரப்பி வற்றிப்போகிறது. முன்னே ஏறினவர்கள், முன்னே வந்த நோயை மட்டும் தெரிந்தவர்கள், இருக்கையை அடைத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறார்கள். அதனால் புதுக் கிருமி வந்தால் அடையாளம் காட்ட ஆள் இல்லை.

"என் பஸ்ஸா இருந்தா எல்லாரையும் கீழ தள்ளியிருப்பேன்," என்றாள் தெஞ்சா. "அந்த நிக்கனோர்கிட்ட ஒரு நல்ல கண்டக்டர் இல்ல, அதான் கோளாறு."

இனி மின்வெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டாயிரத்து நாலிலும் ஐந்திலும் விளக்கு எரிந்த நேரத்தைவிட அணைந்த நேரம்தான் எங்களுக்கு ஞாபகம். சோறு பாதி வேகும்போது போகும், முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது பாதித் தலையோடு போகும். நிலையத்திலும் அப்படித்தான். எண்பது வயதுவரை பாடுபட்டு வளர்த்த நிக்கனோர் ஒரு நொடியில் இல்லாமல் போவார். மின்சாரம் வந்ததும் மறுபடி தொட்டில் குழந்தையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு புழுக்கமான மதியம், தொண்ணூறைத் தொட இருந்த ஒருவர் இப்படிப் போனபோது மிர்தா மேஜையில் தலையை வைத்து அழுதேவிட்டாள். அழுது முடித்துவிட்டு, அதே கோபத்தோடு ஒரு சின்ன நிரல் எழுதினாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நிக்கனோரின் நிலையை முழுசாகச் சேமித்து வைக்கும்; மின்சாரம் போய் வந்தால் சேமித்த இடத்திலிருந்து அவர் வாழ்க்கையைத் தொடரும். ஃபெர்மின் எழுந்து நின்று கைதட்டினார்.

"கெழவரு இனிமே செத்துச் செத்துப் பொழைப்பாரு!" என்றார்.

உண்மையிலேயே பிழைத்தார். அதன் பிறகு எத்தனை முறை விளக்கு போனாலும் நிக்கனோர் விட்ட இடத்திலிருந்து எழுந்து நடந்தார். நிலையத்தில் மிர்தாவுக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். ஒரு விடை கோணலாக வந்தால் பத்து முறை அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதறிப் பார்ப்பாள். அந்தச் சின்ன நிரலை மட்டும் அவள் உதறிப் பார்க்கவே இல்லை. அது அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

இரண்டாயிரத்து ஐந்தின் கடைசியில் முதியவர்களுக்கு நெஞ்சுச்சளிக் காய்ச்சல் வராமல் தடுக்க ஒரு புது ஊசி வந்தது. எண்பது தாண்டியவர்களுக்கு முதலில். குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய மருந்து என்பதால் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது; ஆட்கள்தான் மருத்துவ நிலையத்துக்குப் போக வேண்டும். தெஞ்சாவைக் கீழே இறக்குவது எப்படி?

"ரொட்டிக் கூடையில வெச்சு எறக்கி விடேன்," என்றாள் தெஞ்சா.

"கயிறு தாங்கணுமே."

"கொழுப்பு யாருக்குன்னு பாரு!"

கடைசியில் கீழ்த்தளத்தில் டோமினோ ஆடுகிற இரண்டு பேரை மிர்தா கெஞ்சிக் கூப்பிட்டு வந்தாள். நாற்காலியில் தெஞ்சாவை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தெஞ்சா நீல ரவிக்கை போட்டு, கழுத்திலும் நெஞ்சிலும் வெள்ளையாகப் பவுடர் அப்பி, தேர்த்திருவிழாவில் வரும் தேவமாதாபோல் வந்தாள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. ஒவ்வொருவருக்கும் கை அசைத்தாள். தெருவுக்கு வந்ததும், "ரைட்! போலாம்!" என்று தன் பழைய பேருந்துக் குரலில் ஒரு சத்தம் போட்டாள். தெரு முழுக்கச் சிரித்தது. ஊசி போட்டுத் திரும்பும்போது எங்கெங்கோ நிறுத்தச் சொன்னாள். மூலைக் கடைக்குப் புதுப் பூச்சு அடித்திருக்கிறார்கள், அந்த மாமரத்தை வெட்டிவிட்டார்களா, அந்தப் பெண் யார், நம்ம ஒல்கா மகளா? தூக்கி வந்தவர்களுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. இரண்டு பேருக்கும் மிர்தா ரேஷனில் வந்த தன் பங்கு ரம் முழுவதையும் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு ஊசியின் காய்ச்சலில் தெஞ்சா புலம்பிக்கொண்டே படுத்திருக்க, மிர்தா லீவு போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, எங்கள் பகுதிக் குடும்ப மருத்துவர் யாமிலா படியேறி வந்தாள். சின்னப் பெண், படிப்பு முடிந்து வந்தவள்.

"தெஞ்சா பாட்டி, வர்ற வியாழக்கிழமை ரெண்டாவது ஊசி. விருப்பப்பட்டவங்க வரலாம். வந்தா நல்லது."

"வராம பின்ன?" என்றாள் தெஞ்சா. "மிர்தா, அந்த நீல ரவிக்கையைத் துவைச்சுப் போடு."

மிர்தா துவைத்துப் போட்டாள். ஆனால் மனசுக்குள் அந்த டோமினோக்காரர்களிடம் மறுபடி போய்ப் பல்லைக் காட்ட வேண்டுமே என்று இருந்தது. வியாழக்கிழமை நிலையத்தில் கூட்டம், அவள் போயாக வேண்டும். மறுபடி காய்ச்சல், மறுபடி லீவு. அலுத்துப் போயிருந்தாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நாலாம் மாடியில் ஒரு முதியவளை வைத்துக்கொண்டு மின்வெட்டில் குடித்தனம் நடத்தும் யாரும் அலுத்துத்தான் போவார்கள்.

புதன்கிழமை மதியம் கணினியில் விடை வந்தது. அந்த ஊசியைத்தான் அவர்களும் நிக்கனோர்களுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்: சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. இரண்டாவது ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் ஏறக்குறைய எந்த வித்தியாசமும் இல்லை. எண்பது வயதில் ஒரே ஊசியோடு நிக்கனோர் குத்துக்கல்லாட்டம் இருந்தார்.

மிர்தாவுக்கு முதலில் தோன்றியது ஆச்சரியம் அல்ல, நிம்மதி. அப்பாடா, நாளைக்கு யாரையும் கெஞ்ச வேண்டாம். அந்த நிம்மதியின் சுவையை அவள் பிறகு எத்தனையோ முறை நாக்கில் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் சோறும் கறுப்புப் பயறும் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, நாளைக்குப் போக வேண்டாம். ரெண்டாவது ஊசியால பெரிசா ஒண்ணும் ஆகாதுன்னு விடை வந்திருக்கு."

தெஞ்சா நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருந்த ரவிக்கையைப் பார்த்தாள்.

"யாரு, நிக்கனோரா சொன்னாரு?"

"அவருதான்."

"டாக்டர் பொண்ணு வந்தா நல்லதுன்னாளே."

"அவ எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லணும். நான் அவகிட்ட பேசிக்கிறேன். காய்ச்சல்ல கெடந்து கஷ்டப்பட்டது மறந்துபோச்சா?"

தெஞ்சா கொஞ்ச நேரம் சோற்றைக் கிளறினாள். பிறகு, "சரி," என்றாள். "நீ போன்னா போறேன், வேண்டாம்னா வேண்டாம். இதுக்குத்தானே படிச்சே." அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. மிர்தா அதையும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை வழியில் பார்த்தபோது யாமிலாவிடமும் சொன்னாள். விஞ்ஞானியே சொல்லும்போது சின்னப் பெண் என்ன பேசுவாள்? "நீங்க சொன்னா சரிதான், அக்கா," என்று போய்விட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பியபோது தெஞ்சா நீல ரவிக்கை போட்டுக்கொண்டு, பவுடர் பூசி, பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக்காரன் போய் வெகுநேரம் ஆகியிருந்தும் கூடை இன்னும் கீழேயே தொங்கியது. மிர்தாவுக்கு அன்று சிரிப்பு வந்தது.

"யாருக்கு அத்தை இந்த அலங்காரம்?"

"துவைச்ச ரவிக்கையை வீணாக்கவா சொல்றே?"

பிப்ரவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியது. அலை கரைச்சுவரைத் தாண்டித் தெருவுக்குள் விழுந்தது. தெஞ்சாவுக்கு முதலில் தொண்டைக் கட்டு, பிறகு காய்ச்சல், பிறகு மூச்சு. மறுபடி டோமினோக்காரர்கள் வந்தார்கள், மறுபடி அதே நாற்காலி. இந்த முறை அவள் கண்ணைத் திறக்கவில்லை, யாருக்கும் கை அசைக்கவில்லை. நெஞ்சுச்சளிக் காய்ச்சல் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவர்களால் ஆனதைச் செய்தார்கள். இடையில் ஒருமுறை நினைவு வந்து, "குக்கரை நீயே வெச்சுக்க," என்றாள். அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

எவெலியோவால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போகலாம் என்று அந்தப் பக்கத்தில் சட்டம் போட்டிருந்தார்கள். அவன் தன் முறையை முந்தின வருடமே செலவழித்துவிட்டான். பக்கத்து வீட்டு எல்பாவிடம் தொலைபேசி இருந்தது. அதில்தான் அழுதான்.

"மிர்தா, ஒரே ஆறுதல் நீதான். இதையே படிச்சவ நீ, அவ பக்கத்துல இருந்தே. செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிருப்பே, எனக்குத் தெரியும்."

மிர்தா ஆமாம் என்றாள். அப்போது அவளும் அப்படித்தான் நம்பினாள்.

மார்ச்சில் நிலையத்தின் கணினிகளை ஓர் ஆஸ்பத்திரியை ஒட்டிய கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரி இணைப்பில் மின்வெட்டு கிடையாது. ஃபெர்மின் புது அறையில் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக் குழந்தைபோல் விளையாடினார். நிக்கனோர்கள் முதல்முறையாக, ஒரு தடங்கலும் இல்லாமல், பிறப்பிலிருந்து தொண்ணூறுவரை ஒரே மூச்சில் வாழ்ந்தார்கள். விடை வந்த அன்று ஃபெர்மின் தலையைச் சொறிந்துகொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"மிர்தா, கெழவருக்கு இந்த எடம் ஒத்துக்கல போல."

"ஏன்?"

"ஆளு நொடிச்சுப் போயிட்டாரு. எழுபதைத் தாண்டினதும் எந்தக் கிருமி வந்தாலும் விழறாரு. ஒரு ஊசி போதவே மாட்டேங்குது. ரெண்டாவது போட்டவரு மட்டும் ஏதோ நிமிர்ந்து உக்கார்றாரு."

மிர்தாவுக்கு அந்த விடை பிடிக்கவில்லை. பிடிக்காததால் உடனே பழைய சந்தேகப் பிராணி ஆனாள். எல்லாவற்றையும் உதறினாள். கணினியை மாற்றிப் பார்த்தாள், எண்களை மாற்றிப் பார்த்தாள், சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து பழைய நிக்கனோரையும் புது நிக்கனோரையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்போது தெரிந்தது.

கணினி தானாகத் தாயம் உருட்டாது. அதற்கு ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். அதிலிருந்து உருட்டிப் போட்டதுபோன்ற எண்களை வரிசையாகத் தரும். அதே தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை மறுபடி வரும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மிர்தா எழுதிய அந்தச் சின்ன நிரல் நிக்கனோரின் வயதைச் சேமித்தது, அணுக்களைச் சேமித்தது, சுரப்பியைச் சேமித்தது. தாய வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைச் சேமிக்கவில்லை. விளக்கு போய் வரும்போதெல்லாம் தாயம் மட்டும் முதலிலிருந்து தொடங்கியது. அதே ஜலதோஷம், அதே நெஞ்சுச்சளி, அதே வரிசையில் மறுபடி வந்தன. ஏற்கெனவே பார்த்த கிருமிகள். நிக்கனோரின் பழைய அணுக்களுக்கு அவை பழகிய முகங்கள். ஊசி போட்டது எந்தக் கிருமிக்கோ, அதுவும் திரும்பத் திரும்ப வந்து அவருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மின்வெட்டும் நிக்கனோருக்கு ஓர் இலவச ஊசி.

விளக்கு போகாத ஊரில் இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. நடந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும், விடை கெடாது. எங்கள் ஊரில், எங்கள் வருடத்தில், நிக்கனோர் மின்வெட்டைத் தின்று கொழுத்தார்.

ஒரு வரிதான் சேர்க்க வேண்டியிருந்தது. மிர்தா சேர்த்தாள். பிறகு இயக்குநரிடம் போய், கூட்டத்திலும் எழுந்து நின்று, தப்பு தன்னுடையது என்று சொன்னாள். யாரும் திட்டவில்லை. இயக்குநர் நல்ல மனிதர்.

"நல்லவேளை, அறிக்கை வெளியே போறதுக்கு முன்னாடி பிடிச்சீங்க," என்றார். "ஒருத்தருக்கும் பாதிப்பில்ல. இனிமே எல்லாருக்கும் ரெண்டு ஊசின்னே சொல்லிடலாம்."

மிர்தா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அறிக்கை வெளியே போகவில்லை என்பது உண்மை. அது அவள் வாய்வழியாக நாலாம் மாடி வரைக்கும் மட்டும் போயிருந்தது. அந்த விடையை நம்பி நடந்தவள் ஊரில் ஒரே ஒருத்திதான்.

அன்று பேருந்தில் வீட்டுக்கு வரும்போது தப்பைக்கூட அவளால் மன்னிக்க முடிந்தது. வெயிலும் களைப்புமாக எழுதியது, யாருக்கும் வரும். அவளால் தாங்க முடியாமல் இருந்தது அந்தப் புதன்கிழமை. பிடிக்காத விடையைப் பத்து முறை உதறுகிறவள், பிடித்த விடையை ஒருமுறைகூட உதறவில்லையே. இரண்டாவது ஊசிக்கு அவசியம் இருக்கிறது என்று வந்திருந்தால், அன்றே சந்தேகப்பட்டு, அன்றே நிரலைத் திறந்து பார்த்திருப்பாள். நாற்காலி தூக்க ஆள் தேட வேண்டாம் என்று வந்ததால் சரி என்று எடுத்துக்கொண்டாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே கசப்பாக இருந்தது.

வீட்டில், 'எப்படி இருக்காரு உன் ஆளு' என்று கேட்க யாரும் இல்லை. ரொட்டிக்குக் கூடையை விட்டால் ரொட்டிக்காரன் ரொட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போனான். அலமாரி சுவரோரம் நின்றது. அறை அவளுக்கே அவளுக்கு. எத்தனையோ வருடம் ஆசைப்பட்டது. வாழ்நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் சொந்த வீடு இப்படிக் கிடைத்தது.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு எங்கள் ஊரில் அன்னையர் தினம். அன்று தபால்காரருக்கும் தொலைபேசிக்கும் ஓய்வே கிடையாது. எவெலியோ எந்த வருடமும் தவறியதில்லை. இந்த வருடமும் பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டான். எல்பா பால்கனியில் நின்று, "மிர்தா! தாம்பா!" என்று கத்தினாள்.

"என்னமோ கை தானா எண்ணைச் சுத்திடுச்சு," என்றான் எவெலியோ. "யார்கிட்ட பேசறதுன்னு தெரியல. அதான் உன்கிட்ட."

"பேசு."

"நல்லா பாத்துக்கிட்டே மிர்தா. நான் செய்ய வேண்டியதை நீ செஞ்சே. இங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றேன்."

எல்பா வீட்டு நாற்காலியில் மிர்தா உட்கார்ந்தாள். இதற்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவன் நிம்மதியாக இருப்பான். யாரும் எதையும் உதறிப் பார்க்கப் போவதில்லை.

"எவெலியோ, அவங்களுக்கு ரெண்டாவது ஊசி போடல. டாக்டர் வரச் சொன்னா. நான்தான் வேண்டாம்னேன்."

கம்பியில் கடல் இரைச்சல்போல் ஏதோ கேட்டது.

"ஏன்?"

"கணினியில அப்படி விடை வந்துச்சு. தப்பான விடை. நான் எழுதினதுல தப்பு. அன்னிக்கே பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல. அந்த விடை எனக்கு வசதியா இருந்துச்சு."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"அந்த ஊசியைப் போட்டிருந்தா அம்மா பொழைச்சிருப்பாளா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை அவள் சரிசெய்த நிரலிடம் மறுபடி மறுபடி கேட்டிருந்தாள். இரண்டு ஊசி போட்ட நிக்கனோர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் போனார்கள். எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று சொல்லத் தெரிந்த கணினிக்கு, தெஞ்சா அவர்களில் யார் என்று சொல்லத் தெரியவில்லை.

"தெரியாது," என்றாள். "பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். சாகுற வரைக்கும் நான் கணக்குப் போட்டாலும் அது தெரியப்போறதில்ல."

"அப்ப ஏன் இப்படி அழறே?"

"அன்னிக்கு ரவிக்கையைத் துவைச்சுப் போடச் சொன்னாங்க, எவெலியோ. போயிருந்தா தெருவைப் பாத்திருப்பாங்க. அது மட்டும் நிச்சயம்."